நட்சத்திர வீரரை வைத்துக்கொண்டு கூடைப்பந்து அணியை நடத்துவது எப்படி? பயிற்சியாளருக்கான முழுமையான வழிகாட்டி

1981 நவம்பர். மேஜிக் ஜான்சனுக்கு வயது 22. லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி சால்ட் லேக் சிட்டியில் ஓர் ஆட்டத்தை ஜெயித்துவிட்டு உடை மாற்றிக்கொண்டிருக்கிறது. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு டைம்-அவுட்டில் (ஆட்டத்தை நிறுத்திப் பயிற்சியாளர் பேசும் சிறு இடைவெளி), தான் சொல்வதைக் கவனிக்கவில்லை என்று பயிற்சியாளர் பால் வெஸ்ட்ஹெட் மேஜிக்கைக் கடிந்துகொண்டிருந்தார். லாக்கர் ரூமில் நிருபர்கள் மைக்கை நீட்டியதும், தன்னை வேறு அணிக்கு அனுப்பிவிடச் சொல்லப்போகிறேன் என்றார் மேஜிக். மறுநாள் வேலை போனது வெஸ்ட்ஹெட்டுக்கு.

அப்போது அணி 11 ஆட்டங்களில் 7-ஐ ஜெயித்திருந்தது. அதற்கு ஒன்றரை வருடம் முன்னால், 1980-இல், அதே அணிக்குச் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தவரும் அதே வெஸ்ட்ஹெட்தான். ஆனால் மேஜிக்கின் கையில் 25 ஆண்டுகளுக்கு 25 மில்லியன் டாலர் என்று ஒப்பந்தம் இருந்தது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முதலாளி அதிக நேரம் யோசித்திருக்க மாட்டார்.

நான் சில வருடங்கள் ஒரு கல்லூரி அணியைப் பார்த்துக்கொண்டவன். அதனால் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ. ஆட்டங்களைப் பார்க்கும்போது எனக்குக் கண் கூடைப்பக்கம் போகாது, பெஞ்சுப்பக்கம்தான் போகும். மேஜிக் அளவுக்கு ஒருவர் நம் அணிக்கு வரப்போவதில்லை. ஆனால் கல்லூரி அணியோ மாவட்ட அணியோ, மற்ற நான்கு பேரையும்விட இரண்டு மடங்கு நன்றாக ஆடும் ஒருவர் இருந்துவிட்டால் தலைவலி அதேதான். அப்படி ஒருவரை வைத்து அணி நடத்துபவர்களுக்காக, பெரிய பயிற்சியாளர்கள் செய்ததையும் செய்து கெட்டதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று முதலில் கணக்குப் போடுங்கள்

விசில் உங்கள் கழுத்தில் தொங்குகிறது என்பதற்காக அதிகாரமும் உங்களிடம் இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். மற்ற வீரர்கள் உங்களைப் பார்ப்பதற்கு முன் அந்த ஒருவரின் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் திட்டும்போது அவர் தலையாட்டினால் அணி தலையாட்டும். அவர் கண்ணை உருட்டினால் அன்றோடு உங்கள் பேச்சு எடுபடாது. 2016 ஜனவரியில் கிளீவ்லாண்ட் பயிற்சியாளர் டேவிட் பிளாட் 30 வெற்றி, 11 தோல்வி என்று கிழக்குப் பிரிவில் முதலிடத்தில் இருந்தபோதே நீக்கப்பட்டார். டைரன் லூ வந்தார், அந்த வருடமே கோப்பையும் வந்தது. வெற்றி எண்ணிக்கை ஒரு பயிற்சியாளரைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

சரி, அப்படியென்றால் நட்சத்திரத்தின் காலில் விழுந்து கிடப்பதா? அதுவும் வேலைக்கு ஆகாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பாதைதான்.

படி 2: பிரச்சினை வருவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்

1997 ஜூனில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ், புது வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் தேர்வாக டிம் டங்கனை எடுத்தது. பயிற்சியாளர் கிரெக் பாபோவிச் அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு விதிமுறைப் புத்தகத்தைக் கையில் கொடுக்கவில்லை. டங்கன் பிறந்து வளர்ந்த கரீபியன் தீவான செயின்ட் குரோய்க்கு விமானம் ஏறிப் போனார். சில நாள் தங்கினார். இருவரும் கடலில் நீந்தினார்கள், சாப்பிட்டார்கள், பேசிக்கொண்டிருந்தார்கள். டங்கன் சிறுவயதில் நீச்சல் வீரர். ஆக, பாபோவிச் முதலில் இறங்கியது டங்கனின் தண்ணீரில்.

டென்வர் அணியின் பயிற்சியாளராக இருந்த மைக்கேல் மலோன், தன் நட்சத்திரம் நிகோலா யோகிச்சைப் பார்க்க செர்பியாவின் சோம்போர் ஊருக்கே போனார். யோகிச்சுக்குக் கூடைப்பந்தைவிடக் குதிரைப் பந்தயத்தில்தான் உயிர் என்பது ஊரறிந்த விஷயம். அந்த ஊரையும் குதிரைகளையும் பார்த்த பயிற்சியாளருக்கு, சீசன் முடிந்ததும் ஏன் இந்த மனிதர் ஓட்டம் பிடிக்கிறார் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இதை உங்கள் அளவில் செய்யுங்கள். பையன் வீட்டுக்கு ஒருமுறை போங்கள். அம்மா கொடுக்கும் காபியைக் குடியுங்கள். ஆட்டத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள். நீங்கள் எதையும் கேட்காமல் வந்தீர்கள் என்பதுதான் அங்கே பதிய வேண்டும். ஏதாவது கேட்பதற்காகவே முதல் தடவை போனால், அடுத்து எப்போது போனாலும் "இன்னைக்கு என்ன வேணுமாம்?" என்றுதான் பார்ப்பார்கள்.

படி 3: விட்டுக்கொடுக்கச் சொல்லும்போது கணக்கோடு போங்கள்

வழிகாட்டியிலேயே கடினமான படி இது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1986-87 சீசனில் மைக்கேல் ஜோர்டானின் சராசரி ஆட்டத்துக்கு 37.1 புள்ளிகள். அடுத்தடுத்த வருடங்களிலும் அவர்தான் லீகில் முதலிடம். ஆனால் 1988, 1989, 1990 என்று மூன்று வருடம் தொடர்ந்து டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் சிகாகோ புல்ஸை வீட்டுக்கு அனுப்பியது. எப்படி? பந்து எங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஜோர்டான் ஒருவரை இரண்டு மூன்று பேர் சேர்ந்து அமுக்கினால் போதும்.

1989-இல் புல்ஸின் தலைமைப் பயிற்சியாளரான ஃபில் ஜாக்சன், டெக்ஸ் வின்டர் என்ற முதிய உதவிப் பயிற்சியாளர் பல்லாண்டுகளாகச் செதுக்கிய முக்கோண ஆட்டமுறையைக் கொண்டுவர நினைத்தார். அதில் பந்து ஐந்து பேர் கைக்கும் போகும். உலகின் மிகச் சிறந்த வீரரிடம் போய் "நீ கொஞ்சம் குறைத்துக்கொள்" என்று சொல்ல வேண்டும். இதை ஜாக்சன் எல்லார் முன்னாலும் சொல்லவில்லை. தனியாக உட்கார்த்திப் பேசினார். இப்படி ஆடினால் அதிகப் புள்ளி எடுத்தவர் என்ற பட்டம் உனக்குக் கிடைக்காமல் போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். கேட்டுவிட்டு ஜோர்டான் மனக்கணக்குப் போட்டாராம்: சராசரி 32 என்றால் கால் பகுதிக்கு எட்டுப் புள்ளி, அது ஒன்றும் பெரிதில்லை என்று. உண்மையில் 1990-91இல் அவர் சராசரி 31.5. புள்ளிப் பட்டமும் அவருக்கே, முதல் சாம்பியன் பட்டமும் அந்த வருடமே.

ஆனால் ஒருமுறை ஒப்புக்கொண்டதோடு இது முடிந்துவிடாது. நெருக்கடியில் பழைய பழக்கம் தலைதூக்கும். 1991 ஜூன் 12, இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம். லேக்கர்ஸின் சொந்த மைதானம். நான்காவது கால் பகுதி இழுபறியாகப் போகிறது. ஜோர்டானை இரண்டு பேர் சூழ, அவரும் விடாமல் தானே போட முயல்கிறார். டைம்-அவுட். ஜாக்சன் பலகையை எடுத்துக் கோடு போட்டு விளக்கவில்லை, கத்தவும் இல்லை. "யார் ஃப்ரீயாக நிற்கிறார்?" என்று ஜோர்டானைக் கேட்டார். பதில் இல்லை. திரும்பவும் அதே கேள்வி. "பாக்ஸ்" என்றார் ஜோர்டான். ஜான் பாக்ஸன். "அப்படியானால் பந்தை அவரிடம் கொடு." அவ்வளவுதான்.

பாக்ஸன் அந்த ஆட்டத்தில் 20 புள்ளி எடுத்தார், அதில் பாதி கடைசி நான்கு நிமிடச் சொச்சத்தில். 108-101. சிகாகோவுக்கு முதல் கோப்பை.

நான் அந்தக் கேள்வியைப் பல தடவை யோசித்திருக்கிறேன். "பாக்ஸனுக்குக் கொடு" என்று ஜாக்சன் நேரடியாகச் சொல்லியிருக்கலாம். அது கட்டளை. கேள்வியாகக் கேட்டபோது பதில் ஜோர்டானின் வாயிலிருந்து வந்தது. தான் சொன்னதைத் தானே மீற மனிதனுக்குக் கூச்சமாக இருக்கும். அதுவும் இரண்டு வருடம் தனியறையில் பேசிப் பேசித்தான் அந்த ஒரு கேள்விக்கு எடை வந்தது. முதல் நாளே கேட்டிருந்தால் ஜோர்டான் முறைத்திருப்பார்.

இதே வேலையை அதற்கு முன்னரே ஒருவர் செய்திருக்கிறார். வில்ட் சேம்பர்லைன் 1965-66இல் ஆட்டத்துக்கு 33.5 புள்ளி எடுத்தவர். அடுத்த வருடம் பிலடெல்பியாவுக்கு வந்த அலெக்ஸ் ஹானம் அவரைப் பாஸ் கொடுக்கவைத்தார். புள்ளி 24.1 ஆக இறங்கியது. அணி 81 ஆட்டங்களில் 68-ஐ ஜெயித்துக் கோப்பையும் வாங்கியது.

ஆக, கேட்பதற்கு முன் மூன்று விஷயத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்: அவர் என்ன இழப்பார், பதிலுக்கு என்ன கிடைக்கும், கிடைக்காமல் போனால் எப்போது பழையபடி மாற்றிக்கொள்வோம். "அணிக்காகத் தியாகம் செய்" என்ற பிரசங்கத்துக்கு இருபது வயதுக்காரர்கள் மசிய மாட்டார்கள்.

படி 4: முதல் திட்டு அவருக்கே விழட்டும்

என் கல்லூரி அணியில் நான் சொதப்பிய இடம் இது. சிமென்ட் தரையில் காலை ஆறு மணிக்குப் பயிற்சி. எங்கள் நட்சத்திரம் ஒருநாள் ஆறு இருபதுக்கு வந்தான். அடுத்த வாரம் போட்டி என்பதால் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். மறுநாள் பெஞ்ச்சில் உட்காரும் பையன் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தபோது மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடச் சொன்னேன். ஓடினான். ஆனால் ஓடும்போது மற்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அந்த சீசன் முழுக்க என் வார்த்தைக்கு அரை மதிப்புதான்.

பாபோவிச் இதை டங்கனை வைத்துத்தான் தீர்த்தார். முதல் தேர்வாக வந்தவரும், பின்னாளில் ஐந்து கோப்பைக்கு அச்சாணியாக இருந்தவருமான டங்கனை எல்லார் முன்னிலையிலும் வாங்கு வாங்கென்று வாங்குவார். டங்கன் கேட்டுக்கொண்டு நிற்பார். அவரே நிற்கும்போது பன்னிரண்டாவது ஆள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள முடியுமா? ஆனால் இது நடப்பதற்குத் தீவில் நீந்திய நாட்கள் தேவைப்பட்டன. இரண்டாம் படியைத் தாண்டாமல் நான்காம் படிக்கு வந்து நட்சத்திரத்தைக் கத்தினால் வெஸ்ட்ஹெட்டின் கதிதான்.

படி 5: சலுகை கொடுக்கலாம், ஆனால் திருட்டுத்தனமாக வேண்டாம்

எல்லாரையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன். முரணாகத் தெரியும். விதி ஒன்றாக இருக்க வேண்டும், மனிதர்கள் ஒன்றாக இருக்க மாட்டார்கள்.

1998 ஜனவரி வாக்கில் புல்ஸ் வீரர் டென்னிஸ் ராட்மன், எனக்கு விடுமுறை வேண்டும், லாஸ் வேகாஸ் போக வேண்டும் என்று சீசன் நடுவில் கேட்டார். வேறு பயிற்சியாளராக இருந்தால் துரத்தியிருப்பார். ஜாக்சன் ஜோர்டானையும் வைத்துக்கொண்டு பேசி 48 மணி நேரம் கொடுத்தார். சொன்ன நேரத்துக்கு ராட்மன் வரவில்லை என்பது வேறு கதை. ஜோர்டானே நேரில் போய் அழைத்துவந்தார். அந்த வருடமும் புல்ஸுக்கே கோப்பை.

கவனிக்க வேண்டியது, ஜாக்சன் இதைத் தனியாக முடிவு செய்யவில்லை. சலுகையால் யாருக்குக் கூடுதல் பாரமோ அவரிடம் முதலில் சொன்னார். அந்த ஆளே சம்மதித்தபிறகு மற்றவர்கள் முணுமுணுக்க வழியில்லை.

படி 6: பெஞ்ச்சில் உட்காரச் சொல்வது

கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கு 2014-இல் பயிற்சியாளராக வந்த ஸ்டீவ் கெர், ஆந்த்ரே இகுடாலாவைத் தொடக்க ஐவரிலிருந்து எடுத்தார். இகுடாலா அதுவரை தன் வாழ்நாளில் ஆடிய 758 ஆட்டங்களிலும் ஆரம்பத்திலேயே களமிறங்கியவர், ஒன்றில்கூட பெஞ்ச்சிலிருந்து எழுந்து வந்ததில்லை. கசப்புடன்தான் ஏற்றுக்கொண்டார். 2015 இறுதித் தொடரில் வாரியர்ஸ் 1-2 எனப் பின்தங்கியபோது நான்காவது ஆட்டத்தில் அவரைத் திரும்பத் தொடக்க ஐவரில் போட்டார் கெர். அதிலிருந்து மூன்று ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். இறுதித் தொடரின் மிகச் சிறந்த வீரர் விருதும் இகுடாலாவுக்கே. ஸ்பர்ஸில் மனு ஜினோபிலியும் இப்படித்தான்: 2008-இல், பெஞ்ச்சிலிருந்து வந்து ஆடுபவர்களில் சிறந்தவருக்கான ஆறாவது வீரர் விருது வாங்கினார்.

பெஞ்ச்சில் வைப்பவரிடம் ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆட்டத்தை யார் தொடங்குகிறார் என்பதை அறிவிப்பாளர் மட்டும்தான் பெரிதாக எடுத்துக்கொள்வார். யார் முடிக்கிறார் என்பதே கணக்கு. சொன்னால் மட்டும் போதாது, கடைசி ஐந்து நிமிடம் அவரைக் களத்தில் வைத்தும் காட்ட வேண்டும்.

படி 7: மோதல் வெடித்துவிட்டால்

வெடிக்கும். எத்தனை காபி குடித்திருந்தாலும் ஒருநாள் வெடிக்கும்.

1994 மே 13. ஜோர்டான் முதல்முறை ஓய்வு பெற்று, திரும்பி வருவதற்கு முந்தைய காலம். ஸ்காட்டி பிப்பன்தான் இப்போது புல்ஸின் நட்சத்திரம். நியூயார்க் நிக்ஸுடன் மூன்றாவது ஆட்டம். முதல் இரண்டும் போய்விட்டன. 102-102, மிச்சம் 1.8 வினாடி. கடைசி ஷாட் டோனி குகோச்சுக்கு என்று ஜாக்சன் திட்டம் போட்டார். பிப்பன் பந்தை உள்ளே எறிய வேண்டும். தனக்கு ஷாட் இல்லையா என்று கோபித்துக்கொண்டு பிப்பன் பெஞ்ச்சிலேயே உட்கார்ந்துவிட்டார். குகோச் போட்டார், உள்ளே விழுந்தது, ஜெயித்தார்கள்.

லாக்கர் ரூமில் கொண்டாட்டம் இல்லை. நடந்ததை ஜாக்சன் நிருபர்களிடம் மறைக்கவில்லை. ஆனால் பிப்பனைத் தானே நிற்கவைத்துக் கிழிக்கவும் இல்லை. அந்த வேலையை வீரர்களிடம் விட்டார். அணியின் மூத்தவர் பில் கார்ட்ரைட் கண்ணீரோடு பிப்பனைப் பார்த்துப் பேசினார். இத்தனை வருடம் சேர்ந்து பட்டதை இப்படி விட்டுவிட்டாயே என்ற தோரணையில். பிப்பன் மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆட்டத்தில் 25 புள்ளி எடுத்தார், புல்ஸ் ஜெயித்தது. பயிற்சியாளர் திட்டியிருந்தால் இரண்டு பேருக்கு நடுவிலான சண்டையாகப் போயிருக்கும். கார்ட்ரைட் அழுதபோது பிப்பனால் யாருடனும் சண்டை போட முடியவில்லை.

இதற்கு நேர் எதிர் 1969. லேக்கர்ஸ், பாஸ்டன், இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். அப்போது லேக்கர்ஸில் ஆடிய சேம்பர்லைன், முழங்காலில் அடிபட்டு வெளியே வந்தவர், சற்று நேரத்தில் திரும்ப இறங்கத் தயார் என்றார். ஏற்கெனவே அவரோடு ஒத்துப்போகாத பயிற்சியாளர் புட்ச் வான் பிரெடா கோல்ஃப், நீ இல்லாமலே நன்றாகத்தான் போகிறது என்று மறுத்துவிட்டார். 108-106, இரண்டு புள்ளியில் கோப்பை போனது. அந்தத் தோல்வியோடு பயிற்சியாளரும் கிளம்பினார். ரோஷத்தைக் காட்ட ஏழாவது ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடமா கிடைத்தது?

இடைப்பட்ட ஒன்று: 2010 நவம்பர் 27, டல்லாஸில் ஒரு டைம்-அவுட்டுக்கு நடந்துவந்த மியாமி நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸின் தோள் அவரது பயிற்சியாளர் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா மீது இடித்தது. கேமரா பார்த்துவிட்டது. அணி அப்போது 9 வெற்றி, 8 தோல்வி. பயிற்சியாளர் போய்விடுவார் என்று எல்லாரும் எழுதினார்கள். அவர் அதை ஊதிப் பெரிதாக்கவில்லை, முதலாளி தரப்பும் அவரைக் கைவிடவில்லை. அடுத்த 22 ஆட்டங்களில் 21-ஐ ஜெயித்தார்கள். அப்புறம் 2012, 2013 கோப்பைகள்.

படி 8: உடம்பைப் பற்றிய பேச்சில் அவர் பக்கம் நில்லுங்கள்

2012 நவம்பரில் மியாமியுடனான ஆட்டத்துக்கு முன் பாபோவிச் டங்கன் உட்பட நான்கு பேரை ஓய்வுக்காக வீட்டுக்கு அனுப்பினார். லீக் இரண்டரை லட்சம் டாலர் அபராதம் போட்டது. பணம் அணியின் கையைவிட்டுப் போனது, டங்கனின் நம்பிக்கை கிடைத்தது. ஆனால் இதே பாபோவிச், கவாய் லியோனார்டின் தொடைக் காயத்தில் சறுக்கினார். அணி மருத்துவர்கள் ஒன்று சொல்ல, லியோனார்டின் தரப்பு வேறொன்று சொல்ல, 2017-18இல் அவர் ஒன்பது ஆட்டம்தான் ஆடினார். 2018 கோடையில் டொரான்டோவுக்குப் போனார். அங்கே அவரை 82 ஆட்டங்களில் 60-இல் மட்டும் ஆடவிட்டுப் பாதுகாத்தார்கள். 2019-இல் கோப்பை டொரான்டோவுக்கு. வலி இருக்கிறதா இல்லையா என்ற வாதத்தில் பயிற்சியாளர் ஜெயித்தாலும் தோல்விதான்.

படி 9: நிருபர்களிடம் போகாதீர்கள்

இதற்கு ஒரே காட்சி போதும். 2012 ஏப்ரல், ஆர்லாண்டோ. தன்னை நீக்கச் சொல்லி அணியின் நட்சத்திரம் டுவைட் ஹோவர்ட் நிர்வாகத்திடம் கேட்டது தனக்குத் தெரியும் என்று பயிற்சியாளர் ஸ்டான் வான் கண்டி கையில் டயட் பெப்சியோடு நிருபர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நடப்பது தெரியாமல் ஹோவர்ட் வந்து சிரித்தபடி அவர் தோளில் கை போட்டார். மே மாதம் வான் கண்டி போனார், ஆகஸ்டில் ஹோவர்டும் போனார்.

படி 10: கதவைச் சாத்தாமல் வையுங்கள்

ஷகீல் ஓ'நீலும் கோபி பிரயன்ட்டும் எலியும் பூனையுமாக இருந்த லேக்கர்ஸ் அணியை வைத்தே, பின்னாளில் அதன் பயிற்சியாளரான ஜாக்சன் 2000, 2001, 2002 என்று மூன்று கோப்பை எடுத்தார். 2004-இல் எல்லாம் சிதறியது. ஜாக்சன் போனார், ஓ'நீல் மியாமிக்குப் போனார். கோபியோடு வேலை செய்ய முடியாது என்கிற தொனியில் ஜாக்சன் புத்தகமே எழுதினார் (படி 9-ஐ அவரே மீறியது இது). ஆனால் 2005-இல் திரும்பி வந்தார். கோபியும் ஏற்றுக்கொண்டார். 2009, 2010 இரண்டு கோப்பை. நட்சத்திரத்துக்கு வயதாகும், பயிற்சியாளருக்கும் வயதாகும். ஐந்து வருடம் முன்பு பொறுக்க முடியாதது பிறகு பொறுக்கும்படி ஆகிவிடுகிறது.

டங்கனுக்கு 35 வயதானபோது, 2012 மார்ச்சில் ஓர் ஆட்டத்தில் ஓய்வு கொடுத்தார்கள். ஸ்கோர் ஷீட்டில் ஆடாததற்குக் காரணம் எழுதும் இடத்தில் "வயதாகிவிட்டது" என்று பதிவானது. டங்கன் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு வருடம் கழித்து ஐந்தாவது கோப்பையை வாங்கினார். 2016-இல் ஓய்வு பெற்றார். 2019-இல் ஸ்பர்ஸின் உதவிப் பயிற்சியாளராக அதே பெஞ்ச்சுக்கு வந்து உட்கார்ந்தார். அந்த நியமனத்தை அறிவித்தபோது பாபோவிச் சொன்னது: பத்தொன்பது வருடம் நான் டிம் டங்கனுக்கு உதவியாளராக விசுவாசமாக வேலை பார்த்திருக்கிறேன், இப்போது அவர் அந்தக் கடனைத் திருப்பித் தருகிறார்.